ஏரி வேணும்னா வரி கட்டு: டன்லப்பும் முல்லைப் பெரியாறும்

2019 மே 14-ம் தேதி காலை. டெக்சஸில் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊருக்குக் கீழே, குவாதலூப்பே ஆற்றின் மேல் லேக் டன்லப் அணை. அங்கே இருந்த கண்காணிப்பு கேமராவில் பதிவான வீடியோ இன்னும் இணையத்தில் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. பாக்காதவங்க ஒரு தடவை தேடிப் பாருங்க. சினிமாவில் அணை உடையும்போது வர்ற இடி, மின்னல், ஓடுற ஜனம் எதுவும் இருக்காது. அணை சும்மா நிக்கும், தண்ணி சும்மா இருக்கும், திடீர்னு நடு ஷட்டர் மட்டும் முதுகு ஒடிஞ்ச ஆள் மாதிரி மடங்கிப் படுத்துடும். அதுக்கப்புறம் ஆறு தன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போயிடுச்சு. கொஞ்ச நேரத்தில் ஏரி இருந்த இடத்தில் சேறும், தரையில் நிக்கிற படகுத்துறைகளும்தான் மிச்சம். யாரும் சாகலை. அது அதிர்ஷ்டம்.

இதில் எனக்கு என்ன அக்கறைன்னு முதல்லயே சொல்லிடறேன். நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். வயல்ல பாஞ்சதும் முல்லைப் பெரியாத்துத் தண்ணி, வீட்டுக் குடத்தில் இருந்ததும் அதே தண்ணி. இப்ப சிவில் மேற்படிப்புக்கு வந்து பேர்லேண்டில் குடியிருக்கேன் (ஹூஸ்டனுக்குத் தெற்கே, மீனாட்சி கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா அமெரிக்கத் தமிழருக்குச் சட்டுனு புரியும்). ரூம்மேட் இடுக்கி மாவட்டத்துக்காரன். அணைக்கு மேற்கே ஒருத்தன், கிழக்கே ஒருத்தன், ஒரே அடுப்பு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் "142 ஆயிடுச்சா?"ன்னு ரெண்டு பேரும் போனில் பார்ப்போம். கேக்கிற கேள்வி ஒண்ணு, பயம் மட்டும் வேற வேற :)

பேர்லேண்டிலிருந்து ஐ-10 பிடிச்சு மேற்கே மூணு மணி நேரம் ஓட்டினா செகீன்னு ஒரு ஊர். டன்லப்பின் தம்பி ஏரிகள் அதைச் சுத்தித்தான் இருக்கு. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அப்புறம் படிக்கப் படிக்க, முல்லைப் பெரியாறு பத்தி நாம போடுற சண்டையில் எந்தக் கேள்வி விட்டுப்போச்சுன்னு இந்தச் சின்ன அணைகள்தான் எனக்குக் காட்டிச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

அந்த ஆத்தில் வரிசையா ஆறு அணைகள்: டன்லப், மெக்குவீனி, பிளாசிட், மெடோ, கோன்சாலஸ், வுட். எல்லாம் 1928-க்கும் 1932-க்கும் நடுவில் தனியார் மின்சாரக் கம்பெனி கட்டினது. நோக்கம் மின்சாரம் மட்டும்தான். ஆத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்து, பக்கத்தில் வாய்க்கால் வெட்டி டர்பைன் மேல விடு, கரண்டை வித்துக் காசாக்கு. பாசனம் கிடையாது. வெள்ளத் தடுப்பும் கிடையாது. வெள்ளத்தைத் தாங்கணும்னா அணையில் காலி இடம் வேணும். இவை எப்பவும் விளிம்பு வரைக்கும் நிரம்பி நிக்கிற ஏரிகள். பெரிய வெள்ளத்தைப் பிடிக்கிறது மேலே இருக்கிற கேன்யன் அணை, ராணுவப் பொறியாளர் படை கட்டி 1964-ல் முடிச்சது. 2025 ஜூலை 4-ம் தேதி இதே குவாதலூப்பே கெர் கவுண்டியில் நூத்துக்கும் மேல ஆட்களை வாரிக்கிட்டுப் போச்சே, அந்த வெள்ளத்தைக் கீழே வாங்கி வச்சதும் கேன்யன்தான். அணைன்னு ஒரே பேரில் கூப்பிடறோம், ஆனா ஒவ்வொண்ணுக்கும் பிழைப்பு வேற. ஹூஸ்டனில் இருக்கிற ஆடிக்ஸ், பார்க்கர் ரெண்டையும் பாருங்க. மழை பெய்யாத நாளில் உள்ளே பூங்காவும் சைக்கிள் பாதையும்தான்; 2017 ஹார்வியில் என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்.

1963-ல் இந்த ஆறு அணைகளையும் குவாதலூப்பே-பிளாங்கோ நதி ஆணையம் வாங்கிச்சு. சுருக்கமா ஜிபிஆர்ஏ. மாநில அரசு உண்டாக்கின அமைப்புதான், ஆனா வரி போடுற அதிகாரம் கிடையாது. தண்ணியையும் கரண்டையும் வித்து வர்ற காசில்தான் காலம் தள்ளணும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

இனி ஷட்டர். அந்தக் காலத்து ஷட்டருக்கு இங்கே பேரே "கரடிப் பொறி". அடியில் கீல் வச்சு ரெண்டு பலகை, எஃகும் மரமுமா. ரெண்டுக்கும் அடியில் இருக்கிற இடத்தில் தண்ணியை விட்டா, அந்தத் தண்ணியோட அழுத்தமே பலகையைத் தூக்கி நிறுத்தும். தண்ணியை வடிச்சா பலகை படுத்துடும். மோட்டாரும் வேணாம், சங்கிலியும் வேணாம். ஆத்தைக் கொண்டே ஆத்தை மறிக்கிற யோசனை. ஆனா அந்தக் கீல் எப்பவும் தண்ணிக்குள்ளயே கிடக்கு. அதைக் கண்ணால் பாக்கணும்னா ஏரியை இறக்கி, தடுப்பு கட்டி, வத்த வச்சாத்தான் முடியும். தொண்ணூறு வருஷத் துரு அங்கே உக்காந்திருக்கு, மேலே படகில் ஆட்கள் மீன் பிடிக்கிறாங்க. கான்கிரீட் நல்லாத்தான் இருந்துச்சு. போனது கீல்.

டன்லப் முதல் ஆளும் இல்லை. 2016 மார்ச்சிலேயே வுட் ஏரியின் ஷட்டர் இதே மாதிரி போச்சு. ரெண்டாவதா டன்லப் போனதும் ஜிபிஆர்ஏ பயந்துடுச்சு. 2019-ல் ஒரு அறிவிப்பு: மிச்சமிருக்கிற நாலு ஏரியையும் வரிசையா வடிக்கப் போறோம், எந்த ஷட்டர் எப்ப போகும்னு சொல்ல முடியாது, கீழே ஒரு ஆள் நின்னாலும் உயிர் போகும்.

ஏரிக்கரை வீட்டுக்காரங்க கொதிச்சுட்டாங்க. மெக்குவீனி தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன ஏரி. கரை முழுக்க வீடு, வீட்டுக்கு ஒரு படகுக் கொட்டகை. ஏரி போனா அந்த வீடுகள் சேத்துக்கரை வீடுகள். வீட்டு மதிப்பு இறங்கினா கவுண்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வர்ற சொத்து வரியும் இறங்கும். கோர்ட்டுக்குப் போய், வடிக்கிறதுக்குத் தடை வாங்கினாங்க. பதிலுக்கு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டது: ஏரி இருக்கட்டும், ஆனா சுயேச்சையான நிபுணர் குழு சொல்ற தூரம் வரைக்கும் அணைக்கு மேலயும் கீழயும் யாரும் தண்ணியில் இறங்கக் கூடாது.

வீட்டுக்காரங்க கேட்டது நியாயமான கேள்விதான்: "இத்தனை வருஷமா கரண்ட் வித்த காசு எங்க? ஏன் ரிப்பேர் பண்ணலை?" ஜிபிஆர்ஏ சொன்ன பதிலும் பொய் இல்லை. இந்தச் சின்ன டர்பைன்களில் வர்ற கரண்டுக் காசு, இந்த அணைகளைப் புதுசா மாத்தற செலவுக்குக் கிட்டவே வராது. மின்சாரத்துக்குக் கட்டின அணை, மின்சாரத்தால் தன்னைக் காப்பாத்திக்க முடியாத வயசுக்கு வந்துடுச்சு. அப்ப அது யாருக்காக நிக்குது? கேள்வி அந்த இடத்துக்கு வந்தப்புறம்தான் முடிச்சு அவிழ ஆரம்பிச்சது. பேப்பரில் எழுதின நோக்கம் மின்சாரம். உண்மையான நோக்கம் எப்பவோ வீடுகளாயிடுச்சு, யாரும் வாய்விட்டுச் சொல்லலை. அவ்வளவுதான்.

அடுத்து அவங்க செஞ்சதை நம்ம ஊரில் யாரும் கற்பனைகூடப் பண்ண மாட்டாங்க. தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கிட்டாங்க! ஏரிக்கரையைச் சுத்தி ஒரு தனி நீர்க் கட்டுப்பாட்டு மாவட்டம்னு சட்டப்படி அமைச்சு, 2020 நவம்பர் தேர்தலில் ஓட்டு வச்சாங்க. டன்லப்பில் 4 கோடி டாலர், மெக்குவீனியில் 4 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல். கடனை அடைக்க வரி கட்டுறது ஏரியை அனுபவிக்கிற அந்த வீட்டுக்காரங்க மட்டும். கரண்டு விக்கிற வருமானத்தை ஜிபிஆர்ஏ பராமரிப்புக்குக் கொடுக்கும். கரடிப் பொறியைக் கழட்டிட்டு ஹைட்ராலிக் சிலிண்டரில் ஏறி இறங்குற புது ஷட்டர் வச்சாங்க. 2023-ல் டன்லப் திரும்ப நிரம்பிச்சு.

எல்லாருக்கும் அப்படி நடந்துடலை. 2021-ல் கோன்சாலஸ் ஷட்டரும் போச்சு. முதலில் உடைஞ்சது வுட், முதலில் திரும்பி வந்தது டன்லப். கரையில் பெரிய வீடு நிறைய இருக்கிற ஏரிக்கு வரி போட ஆள் இருக்கு; மாட்டுப் பண்ணையும் நாலு மீன்பிடிக் குடிசையும் இருக்கிற ஏரிக்கு யார் கட்டுவாங்க? காசு உள்ளவன் அணைதான் பாதுகாப்பா இருக்கும்னா அது எனக்கு உறுத்தத்தான் செய்யுது. ஆனா ஒண்ணை மறுக்க முடியாது. அணை யாருக்குன்னு தெளிவான நாளில் செலவு யாருதுன்னும் தெளிவாயிடுச்சு, வேலையும் நடந்துச்சு.

அது தெளிவாகாத இடத்தில் என்ன நடக்கும்? அதுக்கும் இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கு. மிச்சிகனில் ஈடன்வில் அணை. 1924-ல் கட்டின நீர்மின் அணை, மண் கரை. தனியார் கையில் இருந்தது. பெருவெள்ளத்தைக் கடத்துற அளவுக்கு வழிந்தோடி இல்லை, பெருசாக்குன்னு மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வருஷக்கணக்கா சொல்லிப் பாத்துச்சு. நடக்கலை. 2018 செப்டம்பரில் நீர்மின் உரிமத்தையே பிடுங்கிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க: உரிமம் போனதும் கரண்ட் விக்க முடியாது, ரிப்பேர் பண்ண வருமானமும் போச்சு. அணை மட்டும் நிக்குது, பின்னாடி விக்சம் ஏரி நிக்குது, மேற்பார்வை மத்திய அரசிடமிருந்து மாநில அரசுக்குக் கை மாறியாச்சு, அங்கே விதி இன்னும் தளர்வு. உரிமையாளர் ஏரி மட்டத்தை இறக்கி வச்சப்ப, கரைவாசிகளுக்குக் கோபம். அப்படி இறக்கினதில் ஆத்துச் சிப்பிகள் செத்துப் போச்சுன்னு 2020 ஏப்ரல் கடைசியில் மாநில அரசு வழக்கு போட்டது. மூணு வாரம் கூட ஆகலை. மே 19-ம் தேதி மழையில் அணை போச்சு, கீழே இருந்த சான்ஃபோர்டு அணையும் சேர்ந்து போச்சு. கொரோனா ஊரடங்குக்கு நடுவில் சுமார் பத்தாயிரம் பேர் வீட்டை விட்டு ஓடினாங்க. அங்கேயும் உயிர்ப்பலி இல்லை. 2022-ல் வந்த விசாரணைக் குழு அறிக்கை என்ன சொல்லுச்சு தெரியுமா? தண்ணி மேலே வழிஞ்சு உடையலை. கரையில் இருந்த தளர்வான மணல் ஈரத்தில் ஊறி, ஒரு கணத்தில் திரவம் மாதிரி ஆகி இளகிப் போச்சாம். வருஷக்கணக்கா எல்லாரும் வழிந்தோடியைப் பத்திச் சண்டை போட்டாங்க, போனது வேற இடம்.

இதைப் படிச்ச அன்னைக்குத்தான் எனக்கு முல்லைப் பெரியாறு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சது.

நம்ம அணையைப் பத்தித் தெரியாத தமிழ்ப் பதிவர் இருக்க மாட்டீங்க, அதனால கதையைச் சுருக்கிடறேன். தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம், மேற்கே கடலுக்குப் போற பெரியாத்தை மலைக்குள்ளேயே மறிச்சு, சுரங்கம் குடைஞ்சு கிழக்கே வைகைக்குத் திருப்புற திட்டம். 1886-ல் திருவிதாங்கூரோட 999 வருஷக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு அஞ்சு ரூபா, வருஷத்துக்கு நாற்பதாயிரம். 1887-ல் ஆரம்பிச்சு 1895-ல் பென்னிகுயிக் முடிச்சார். எங்க பக்கம் அவர் படம் மாட்டாத டீக்கடை கிடையாது. பிள்ளைக்குப் பேர் வைப்பாங்க, ஜனவரி 15-ம் தேதி பொங்கல் வச்சுக் கும்பிடுவாங்க. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம். அதுக்குக் கீழே மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம்.

மின்சாரம் இதில் பின்னாடி வந்து சேர்ந்த விருந்தாளி. சுரங்கத்தில் வந்த தண்ணி மலையிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல இறங்குது, அதைச் சும்மா விடுவானேன்னு 1950-களின் கடைசியில் லோயர் கேம்ப்பில் மின்நிலையம் வந்தது. முதலில் 140 மெகாவாட், இப்ப 161. 1970-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி, குத்தகையை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக்கி, கரண்டுக்குத் தனியா கேரளாவுக்குக் காசு கொடுக்கவும் ஒத்துக்கிட்டோம். ஆக நோக்கத்தில் குழப்பமே இல்லை: தண்ணி கிழக்கே வரணும், வர்ற வழியில் கரண்ட். டன்லப் மாதிரி நோக்கம் செத்துப்போன அணை இல்லை இது. நூத்தி முப்பது வருஷமா அதே வேலையை ஒழுங்கா செய்யுது.

சிக்கல் வேற இடத்தில். தண்ணி வாங்குறவன் மலைக்குக் கிழக்கே. அணைக்குக் கீழே தூங்குறவன் மேற்கே. டன்லப்பில் ஏரியை அனுபவிச்சவனும் பயப்பட வேண்டியவனும் ஏறக்குறைய ஒரே ஆத்தங்கரை, ஒரே கவுண்டி, ஒரே ஓட்டுப்பெட்டி. இங்கே நடுவில் மலை இருக்கு, மொழி இருக்கு, ரெண்டு சட்டசபை இருக்கு. "தமிழ்நாட்டுக்குத் தண்ணி, கேரளத்துக்குப் பாதுகாப்பு"ன்னு அந்தப் பக்கம் ஒரு கோஷம் ரொம்ப நாளா உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க ஊரில் அதைச் சொன்னா, தண்ணியை நிறுத்தறதுக்கு வழி பாக்கறாங்கன்னுதான் காதில் விழும். 2011 டிசம்பரில் குமுளி எல்லையே அடைஞ்சு கிடந்தது. அந்தப் பக்கம் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் அடி வாங்கினாங்க, இந்தப் பக்கம் மலையாளிகள் கடை உடைஞ்சது. ரூம்மேட் வீட்டிலும் எங்க வீட்டிலும் அந்த மாசத்துக் கதை ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது.

அணை பலமா? இதுக்கு நான் படிச்ச வரைக்கும் சொல்றேன். அது எடையால் நிக்கிற அணை. சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கல் பொடி) கலந்து கட்டினது. அது கட்டப்பட்ட காலத்தில், அணைக்கு அடியில் புகுந்து மேல் நோக்கித் தூக்குற தண்ணியோட அழுத்தத்தை யாரும் கணக்கில் சேர்க்கிற வழக்கமே இல்லை. அந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது பிரான்சில் பூசே அணை. அது உடைஞ்சு எண்பது பேருக்கு மேல செத்தது 1895 ஏப்ரல் 27. நம்ம அணையைத் திறந்தது அதே வருஷம் அக்டோபர். ஆக, மலையாள நண்பர்கள் "பழைய கணக்கு"ன்னு சொல்றதில் அர்த்தம் இருக்கு.

ஆனா 1979-ல் குஜராத்தில் மோர்பி அணை உடைஞ்சு பெரிய சாவு நடந்தப்புறம், இங்கே நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கி, மத்திய நீர் ஆணையம் சொன்னபடி வேலை நடந்தது. உச்சியில் கான்கிரீட் தொப்பி போட்டாங்க, அணை வழியா துளை போட்டு எஃகுக் கம்பிகளை அடிப்பாறையில் நங்கூரம் அடிச்சு இழுத்துக் கட்டினாங்க, பின்பக்கம் முட்டு கொடுத்த மாதிரி கான்கிரீட் சேர்த்தாங்க, கசிவு நீரை வாங்கி அளக்க உள்ளே நடைபாதை அமைச்சாங்க. பத்தா இருந்த வழிந்தோடி ஷட்டர் பதிமூணாச்சு. அதனால இப்ப நிக்கிறது 1895 அணை மட்டும் இல்லை. 2006-ல் உச்ச நீதிமன்றம் 142-க்கு அனுமதி கொடுத்தது, கேரளா சட்டம் போட்டுத் தடுத்தது, நீதிபதி ஆனந்த் தலைமையில் குழு போய்ப் பார்த்தது, 2014 மே 7-ம் தேதி அந்தச் சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு, அதே வருஷம் நவம்பரில் 142 அடி தொட்டது. எங்க ஊரில் வெடி வெடிச்சுக் கொண்டாட்டம்.

இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் கதையை முடிச்சுடறாங்க. "கோர்ட்டே சொல்லிடுச்சு, அணை பலமா இருக்கு, போடா." தீர்ப்பு ஒரு நாளைக்குச் சொல்றது. கீலுக்குத் தீர்ப்பு தெரியாது. ஈடன்வில் அணையைக்கூட உரிமம் போன கையோடு மாநில அதிகாரிகள் வந்து பார்த்து, பரவாயில்லை ரகம்னுதான் எழுதிட்டுப் போனாங்க. அணைப் பாதுகாப்புன்னா அது சான்றிதழ் கிடையாது. தினமும் கசிவை அளக்கிறது, அஞ்சு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சம்பந்தமில்லாத நிபுணரைக் கூட்டி வந்து அக்குவேறா ஆணிவேறா பாக்கச் சொல்றது. 2021-ல் வந்த நம்ம அணைப் பாதுகாப்புச் சட்டமும் சுயேச்சைக் குழு ஆய்வு, அவசரகாலத் திட்டம், வெள்ளம் பரவுற வரைபடம் எல்லாம் கட்டாயம்னுதான் சொல்லுது. முல்லைப் பெரியாத்தில் அந்த ஆய்வுன்னு வாயைத் திறந்தாலே நம்ம பக்கம் சதின்னு எழும்புறாங்க. எனக்கு இது புரியலை. அணை நல்லா இருக்குன்னு நம்புறவன்தானே ஆய்வுக்கு முதலில் கை தூக்கணும்?

அந்தப் பக்கம் மட்டும் யோக்கியமா? பிரதான அணைக்குப் பக்கத்தில் இருக்கிற பேபி அணையைப் பலப்படுத்தணும்னு நாம கேக்கிறோம். அதுக்குச் சில மரங்களை வெட்டணும். 2021 நவம்பரில் 15 மரத்துக்கு அனுமதி கொடுத்த உத்தரவை, அரசியல் கூச்சல் கிளம்பினதும் கேரள அரசே ரத்து பண்ணி, உத்தரவு போட்ட வனத்துறை உயர் அதிகாரியையும் இடைநீக்கம் பண்ணிச்சு. அணை பலவீனம்னு கத்தறது, பலப்படுத்த வந்தா மரம் வெட்டாதேங்கிறது. ரூம்மேட்டிடம் கேட்டேன். "அது ராஷ்ட்ரீயமாடா, விடு"ன்னான். நம்ம பக்கத்து ராஷ்ட்ரீயத்தையும் அவன் விடலை. அதே வருஷம் டிசம்பரில் ராத்திரியில் ஷட்டரைத் திறந்து, கீழே இருக்கிறவங்களுக்கு ஒழுங்கா முன்னறிவிப்பு தரலைன்னு கேரளா உச்ச நீதிமன்றம் போச்சு. "உங்க அணையா இருக்கட்டும். எங்க அம்மச்சி வீடு வண்டிப்பெரியார் ஆத்தங்கரையில். ராத்திரி ரெண்டு மணிக்கு வாசலில் தண்ணி வந்தா நீங்க வந்து தூக்குவீங்களா?" பதில் சொல்ல வரலை எனக்கு. வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறவங்களில் ஏராளமான பேர் தமிழர்கள் வேற. நாம 142-னு வெடி வெடிக்கிற அன்னைக்கு அவங்க மூட்டை கட்டி வச்சுக்கிட்டுத் தூங்குவாங்க.

சரி, நோக்கத்துக்கு வருவோம், ஏன்னா வழி அதில்தான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். நமக்கு வேண்டியது என்ன? மலை மேல 142 அடி தண்ணி நிக்கிறதா, கிழக்கே தண்ணி வந்து சேர்றதா? இப்ப இருக்கிற சுரங்கத்தோட வாய் உசரத்தில் இருக்கு. 104 அடிக்குக் கீழே தண்ணி இருந்தா நமக்கு ஒரு சொட்டு வராது. அதாவது தேக்கி வச்சதில் அடியில் கிடக்கிற கணிசமான பங்கு, நமக்கு உதவாம சுவத்து மேல பாரமா மட்டும் நிக்குது. ஆனந்த் குழு 2012 அறிக்கையில் ரெண்டு மாற்று வழி சொல்லியிருந்தாங்க. ஒண்ணு புது அணை. அது மட்டும்தான் செய்தியில் வந்தது, அதை வச்சுத்தான் ரெண்டு பக்கமும் சண்டை. இன்னொண்ணு, 50 அடி மட்டத்தில் புதுச் சுரங்கம். 136-லிருந்து 50 வரைக்கும் தண்ணியைக் கிழக்கே இழுத்துக்கலாம். 2014 தீர்ப்பிலும் இது பேசப்பட்டிருக்கு. யாராவது இதுக்காக ஒரு ஊர்வலம் போய்ப் பாத்திருக்கீங்களா?

அந்தச் சுரங்கம் வந்தா, 142-ஆ 136-ஆங்கிற ஆறடிச் சண்டையே சின்னதாயிடும். கனமழை வருதுன்னு தெரிஞ்சா முன்கூட்டியே ஏரியை இறக்கி வைக்கலாம், அந்தத் தண்ணி இடுக்கிக்குப் போகாம நம்ம பக்கம் வரும். அணை மேல பாரம் குறையும், நம்ம வரத்தும் குறையாது. சுலபம்னு சொல்ல வரலை. இப்ப இருக்கிற மின்நிலையம் பழைய சுரங்கத்து உசரத்துக்குக் கட்டினது, கீழ் மட்டத்தில் வர்ற தண்ணிக்குத் தனி ஏற்பாடு வேணும், வீழ்ச்சியில் கொஞ்சம் போகும். வர்ற தண்ணியைக் கீழே எங்க நிறுத்தறது? வைகை அணை 1959-லிருந்து மண் வாங்கி மேடாகிக்கிட்டு இருக்கு. தூர் வாரணும், கம்பத்திலிருந்து மதுரை வரைக்கும் கண்மாய்களை உயிர்ப்பிக்கணும். குடையுற இடம் பெரியாறு புலிகள் காப்பகம், கேரளா சம்மதிக்காம ஒரு கடப்பாரை இறங்காது. இவ்வளவும் உண்மை.

இதை எல்லாம் பேப்பரில் படம் வரைஞ்சு ரூம்மேட்டுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "கொள்ளாம். இதுக்கு யாரு காசு தர்றது?"ன்னான்.

நாங்கதான்னேன். தண்ணி எங்களுக்குத்தானே வருது. 14,707 ஏக்கர்க்காரனும் மதுரைக்காரனும் சேர்ந்து கட்ட வேண்டிய காசு. டன்லப்காரன் படகு விடறதுக்கே நாலு கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டான். நாங்க சோறு திங்கற விஷயம். காடு தர்றது மட்டும் உங்க பங்குன்னேன். 15 மரம் ஞாபகம் வந்திருக்கும்போல, அவன் சிரிச்சான்.